தேதி போட்ட ஜெபம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பெரிய தொழிற்சாலை எதற்குள் போனாலும், மேசை மேல் எண்ணெய்க் கறை படிந்த தடிமனான நோட்டு ஒன்றைப் பார்க்கலாம். லாக் புக் என்பார்கள். ஷிப்ட் முடித்துக் கிளம்புகிறவர், அடுத்து வருகிறவருக்காக அதில் நாலு வரி எழுதிவைத்துவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டும். இரண்டாம் நம்பர் பம்ப் ஓடவில்லை, மோட்டார் சூடாகிறது, பேரிங் மாற்றச் சொல்லியிருக்கிறது... இந்த மாதிரி.

என் வீட்டுக்காரர் அங்கே ஒரு ரோலிங் மில்லில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். இருபது வருஷத்துக்கு மேல் லாக் புக் எழுதியவர். ஒருநாள் விளையாட்டாகக் கேட்டேன். "எல்லாம் நல்லா ஓடுதுன்னு என்னைக்காவது எழுதியிருக்கீங்களா?"

"நல்லா ஓடுதுன்னு எழுத எதுக்கு நோட்டு? எது ஓடலையோ அதைத்தான் எழுதணும். அதுல பொய் எழுதினா அடுத்த ஷிப்ட்காரன் கை போயிடும்" என்றார்.

கஷ்ட காலத்தில் டைரி எழுதுவதைப் பற்றி இந்த வாரம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். முதலில் ஞாபகத்துக்கு வந்தது இந்த வார்த்தைதான்.

நான் டைரி எழுதும் பழக்கமே இல்லாதவள். சர்ச்சில் பிரசங்கக் குறிப்பு எடுப்பேன், அவ்வளவுதான். எழுத ஆரம்பித்தது 2021 மே மாதம். இரண்டாவது அலை. மே 10 முதல் ஊரடங்கு. இவருக்கு நாலு நாள் காய்ச்சல், ஐந்தாம் நாள் மூச்சு வாங்கியது. விரலில் மாட்டும் அந்தச் சின்ன மெஷின் 86 காட்டியது. சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைத்தது. உள்ளே என்னை விடவில்லை. வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தி, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.

பையனுடைய ரஃப் நோட்டு ஒன்று கிடந்தது. ஸ்கூல் மூடிக் கிடந்ததால் பாதிக்கு மேல் வெள்ளைப் பக்கம். முன்பக்கமெல்லாம் அல்ஜீப்ரா. நோட்டைத் தலைகீழாகத் திருப்பி, பின்னாலிருந்து எழுத ஆரம்பித்தேன். தேதி போட்டேன். அன்றைக்கு நான் எழுதியது இதுதான்:

'மே 17, திங்கள். ஆக்சிஜன் 86. ராத்திரி 91. நர்ஸ் ஒரு தடவை பேசினார். ஜெபம் பண்ண உட்கார்ந்தேன், வார்த்தை வரவில்லை. தண்ணி கேன் வந்தது, அறுபது ரூபாய் பாக்கி.'

ஜெபத்துக்குப் பக்கத்தில் தண்ணி கேன் பாக்கி! இன்றைக்கு வாசித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. ஆனால், அன்றைக்கு என் உலகம் சரியாக அவ்வளவுதான் இருந்தது.

இவர் வேலையில் கேஸ் கட்டிங்குக்கு ஆக்சிஜன் சிலிண்டர் தினம் புழங்கும். ஏப்ரல் கடைசியில் தொழிற்சாலைகளுக்குப் போகிற ஆக்சிஜனை ஆஸ்பத்திரிகளுக்குத் திருப்பிவிடச் சொல்லி மத்திய அரசு உத்தரவு போட்டது ஞாபகம் இருக்கிறதா? இரும்பை வெட்டப் பயன்படுத்திய காற்று இப்போது இவர் மூக்கில் போகிறது என்றும் ஒருநாள் எழுதியிருக்கிறேன். அதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. எழுதினதும் கொஞ்சம் அழ முடிந்தது.

அதே வாரம், இவரோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்த அண்ணன் ஒருவரும் அட்மிட் ஆனார். எங்கள் சர்ச்தான். அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இரண்டு பேரும் போனில் சேர்ந்து ஜெபம் பண்ணுவோம். அக்காவுடைய ஜெபம் நீளம், என்னுடையது குட்டை.

*

அந்த நாட்களில் வாட்ஸ்அப்பில் ஆறுதல் மழையாகக் கொட்டியது. 'விசுவாசம் இருந்தால் ஒன்றும் அணுகாது' என்று ஒருவர். இன்னொருவர் அனுப்பிய ஆடியோவில், 'பயப்படுவதே அவிசுவாசம்' என்று ஒரு குரல் சத்தம் போட்டது. எல்லோரும் நல்ல மனசோடுதான் அனுப்பினார்கள். ஃப்ரிட்ஜ் மேல் ஜனவரி முதல் தேதி ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டை வேறு. தண்ணீர் பாட்டிலை எடுக்கப் போகும்போதெல்லாம் கண்ணில் படும்.

கிறிஸ்தவர் அல்லாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் சர்ச்சுகளில் 'சாட்சி' சொல்வது ஒரு பழக்கம். கஷ்டத்தில் இருந்தேன், ஜெபித்தேன், கடவுள் காப்பாற்றினார் என்று எல்லார் முன்னும் நின்று சொல்வது. நல்ல பழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால், சாட்சி என்பது எல்லாம் முடிந்த பிறகு சொல்வது. முடிவு தெரிந்தவர் பேசுவது. நடுவில் நிற்பவருக்கு, நாளைக்கு என்ன ஆகும் என்று தெரியாதவருக்கு, பேச மைக் கிடையாது.

எனக்கு அந்த மைக்காக இருந்தது ரஃப் நோட்டு.

பயந்ததை எழுதினேன். கோபத்தை எழுதினேன். ஒருநாள், 'ஆண்டவரே, நீங்க கேக்குறீங்களான்னே தெரியல' என்று மட்டும் எழுதி மூடிவைத்திருக்கிறேன். மறுநாள் அதைப் பார்த்து, பாவம் செய்துவிட்டோமோ என்று கை நடுங்கியது. கிழித்துப் போடலாம் என்றுகூட நினைத்தேன்.

அப்போதுதான் பைபிளை வேறு கண்ணோடு புரட்டினேன். அதில் 'புலம்பல்' என்றே ஒரு புத்தகம் இருக்கிறது. எருசலேம் அழிந்ததைப் பற்றிய அழுகை. ஐந்து அதிகாரம். எபிரேய மொழியில் 22 எழுத்து. முதல், இரண்டாம், நான்காம் அதிகாரங்களில் வசனத்துக்கு ஒரு எழுத்தாக, நம் அகரவரிசை மாதிரி, வரிசையாகத் தொடங்கும். மூன்றாவதில் எழுத்துக்கு மூன்றாக 66 வசனம். ஐந்தாவதிலும் 22 வசனம் இருக்கிறது, ஆனால் எழுத்து வரிசை இல்லை. வரிசை போட்டு அழுதவருக்குக் கடைசியில் வரிசை போடவும் தெம்பில்லையோ என்று எனக்குத் தோன்றும். பண்டிதர்கள் வேறு காரணம் சொல்லலாம்.

சங்கீதங்களிலும் அப்படித்தான். பெரும்பாலான முறையீட்டுப் பாடல்கள் கடைசியில் ஒரு நம்பிக்கை வரிக்குத் திரும்பிவிடும். 88-ஆம் சங்கீதம் திரும்பாது. இருட்டிலேயே முடியும். அதை யாரும் பைபிளிலிருந்து கிழித்துப் போடவில்லை.

56-ஆம் சங்கீதத்தில் தாவீது, தன் கண்ணீரைத் துருத்தியில் சேர்த்து வைக்கச் சொல்லிக் கடவுளிடம் கேட்பார். அது உம்முடைய ஏட்டில் இருக்கிறதல்லவா என்பது பொருள். நம் பழைய தமிழ் பைபிளை மொழிபெயர்த்தவர்கள் அந்த இடத்தில் ஏடு, புத்தகம் என்றெல்லாம் போடாமல் 'கணக்கு' என்று போட்டிருக்கிறார்கள். கண்ணீர்க் கணக்கு. பால் கணக்கு, மளிகைக் கணக்கு எழுதும் கைக்கு இது எவ்வளவு நெருக்கமான வார்த்தை! எனக்கு அந்தத் தண்ணி கேன் பாக்கியும் அப்புறம் உறுத்தவில்லை.

இப்படிக் கணக்கு எழுதிய ஒருவர் நிஜமாகவே இருந்திருக்கிறார். சென்னைக்காரர்களுக்கு லயோலா கல்லூரி தெரியும். அந்தப் பெயருக்கு உரிய இக்னேஷியஸ் லயோலா, இயேசு சபையைத் தொடங்கியவர். 1544-45-ல் அவர் எழுதிய சொந்த டைரியில் ஒரு பகுதி இன்றும் மிஞ்சியிருக்கிறது. சபை வீடுகள் சொத்து வருமானம் வைத்துக்கொள்ளலாமா கூடாதா என்று அவர் மனசுக்குள் மல்லாடிக்கொண்டிருந்த நேரம். டைரியின் முதல் பகுதியில் விரிவாக எழுதுகிறார். போகப் போகச் சுருங்கிவிடுகிறது. பிற்பகுதியில் பல நாட்களுக்கு இருப்பது பெரும்பாலும் கண்ணீர்க் குறிப்புதான். பூசைக்கு முன் கண்ணீர் வந்ததா, பூசையில் வந்ததா, பின்பு வந்ததா. அவ்வளவே. அவ்வளவு பெரிய மனுஷர், ஒரு வரி, இரண்டு வரி! 'எனக்கு எழுத வராது' என்று சொல்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

*

தொழிற்சாலை ஊரில் இருந்துகொண்டு வில்லியம் கேரியைப் பற்றிச் சொல்லாமல் விட மனசில்லை. ஏனென்றால், அவரும் ஒரு ஃபேக்டரி மேனேஜர்.

வங்காளத்துக்கு வந்த மிஷனரி, செராம்பூரில் அச்சகம் நடத்தினார், ஏகப்பட்ட மொழிகளில் பைபிளை மொழிபெயர்த்தார் என்றுதான் சண்டே ஸ்கூலில் படித்திருப்போம். எல்லாம் உண்மை. ஆனால் கேரி 1793 ஜூனில் கப்பல் ஏறியபோது தொடங்கிய டைரி, 1795 ஜூனோடு நின்றுவிடுகிறது. அந்த இரண்டு வருஷத்தில் செராம்பூர் கிடையாது, அச்சகம் கிடையாது, ஞானஸ்நானம் பெற்ற வங்காளி ஒருவர்கூடக் கிடையாது. 1793 நவம்பரில் கல்கத்தா வந்து இறங்கினார்கள். மனைவி டோரதி, கைக்குழந்தையோடு நாலு பிள்ளைகள், மனைவியின் தங்கை. கொண்டுவந்த பணம் சீக்கிரமே கரைந்தது. சுந்தரவனக் காட்டோரம் கொஞ்ச நாள். 1794 நடுவில், மால்டா பக்கம் முட்னாபதி என்ற இடத்தில் அவுரிச் சாயத் தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. சம்பளம் வந்தது. காய்ச்சலும் வந்தது.

அந்த வருஷம் அக்டோபரில் ஐந்து வயது மகன் பீட்டர் வயிற்றுக் கடுப்பில் இறந்துபோனான். கேரியும் நோயில் கிடந்தார். சாதித் தீட்டுக்குப் பயந்த ஊரில், பிள்ளைக்குக் குழி வெட்ட ஆள் தேடுவதே பெரும்பாடாகிவிட்டது. அதற்குப் பிறகு டோரதியின் மனநிலை குலைந்தது. 1807-ல் இறக்கும்வரை அவருக்குச் சரியாகவே இல்லை.

அந்த டைரியில் என்ன இருக்கிறது? அந்நிய ஊர், மனசு விட்டுப் பேச நண்பர் ஒருவரும் இல்லை, கையில் காசில்லை என்ற புலம்பல். ஜெபிக்க மனசே வரவில்லை, உள்ளமெல்லாம் வறண்டு கிடக்கிறது என்ற ஒப்புதல். இங்கிலாந்திலிருந்து கடிதம் வரவில்லையே என்ற ஏக்கம். இடையிடையே கடவுளைப் பற்றிக்கொள்ளும் ஒரு வரி. மறுநாள் மறுபடி வறட்சி. முதல் வங்காளி, கிருஷ்ண பால், ஞானஸ்நானம் பெற்றது 1800 டிசம்பரில். அதாவது டைரி நின்று ஐந்து வருஷம் கழித்து. டைரி எழுதிய கேரிக்கு அது தெரியாது.

நான் கேரியைக் கொண்டாட மட்டும் இதைச் சொல்லவில்லை. டோரதிக்கு இந்தியா வரவே இஷ்டமில்லை. கடைசி நேரத்தில்தான் சம்மதித்துக் கப்பல் ஏறினார். அவர் கையில் ஒரு நோட்டு இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. குடும்பத்தில் ஒருவருடைய டைரி மட்டும் கிடைத்தால் பாதிக் கதைதான் கிடைக்கிறது.

நம் திருநெல்வேலிப் பக்கம் வருவோம். டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையாரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அயர்லாந்தில் பிறந்து, 1895-ல் இந்தியா வந்து, ஊருக்கே திரும்பிப் போகாதவர். கோயில்களுக்கு விடப்பட இருந்த பெண் குழந்தைகளை எடுத்து வளர்த்தவர். 1931 அக்டோபர் 24-ஆம் தேதி, களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்வையிடப் போன இடத்தில், அந்தி நேரம், புதிதாய் வெட்டியிருந்த குழியில் விழுந்துவிட்டார். கால் உடைந்தது. சில வாரங்களில் எழுந்துவிடலாம் என்று நினைத்தார்கள். 1951-ல் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது வருஷம், பெரும்பாலும் அந்த அறையும் கட்டிலும்தான்.

படுத்துக்கொண்டே பத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள் எழுதினார். அதில் 1933-ல் வந்த ஒன்று, நோயாளி நோயாளிகளுக்கு எழுதிய கடிதங்கள். அதற்கு அவர் சொன்ன காரணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நோயாளிகளுக்கென்று வருகிற ஆறுதல் புத்தகங்களை எல்லாம் நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்கள் எழுதுகிறார்கள், அது படுத்திருப்பவருக்குச் சேரமாட்டேன் என்கிறது என்பது அவருடைய அனுபவம். அதனால் வலி இருக்கும்போதே, வலிக்குள் இருந்தே எழுத வேண்டும் என்று நினைத்தார். 2021-ல் என் போனுக்கு வந்த ஆறுதல்கள் ஏன் உள்ளே இறங்கவில்லை என்று எனக்கு விளங்கியது இதைப் படித்த பிறகுதான்.

*

'சரி, எழுதினால் மனசு லேசாகுமா?' என்று கேட்பீர்கள். உடனே ஆகாது. அமெரிக்காவில் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கல்லூரி மாணவர்களை நாலு நாள், தினம் 15 நிமிஷம், தங்களை மிகவும் பாதித்த சம்பவத்தை எழுதச் சொன்னார்கள். எழுதி முடித்த கையோடு அவர்களுக்கு மனசு கனத்துத்தான் போனது. அடுத்த சில மாதங்களில், சாதாரண விஷயங்களை எழுதியவர்களைவிட இவர்கள் டாக்டரிடம் போனது குறைவு. பிறகு வந்த ஆய்வுகளில் பலன் அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. அதனால் இதை மருந்து என்று நான் விற்க மாட்டேன்.

எனக்குத் தெரிந்த பழக்கத்தைச் சொல்கிறேன். தேதி, கிழமை கட்டாயம். அப்புறம் நடந்தது என்னவோ அது. பெரிய வார்த்தை வேண்டாம். மூன்று வரி போதும். கடவுளிடம் பேசுகிற மாதிரி வந்தால் அப்படியே எழுதலாம், வராவிட்டால் வெறும் குறிப்பு. ஸ்தோத்திரம் சொல்லத் தோன்றினால் எதற்கென்று குறிப்பாக எழுத வேண்டும். 2024 அக்டோபர் 11 ராத்திரி, எங்களுக்குப் பக்கத்து கவரைப்பேட்டையில் மைசூர் - தர்பங்கா எக்ஸ்பிரஸ், நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. சைரன் சத்தம் விடவே இல்லை. அன்றைக்கு என் நோட்டில் இருப்பது: 'பெட்டி எல்லாம் கவிழ்ந்து கிடக்கிறதாம். யாரும் சாகவில்லை என்கிறார்கள். நன்றி ஆண்டவரே.' அந்த 'என்கிறார்கள்' முக்கியம். தெரிந்ததை மட்டும்தான் எழுத வேண்டும். யாரும் சாகவில்லை என்பது மறுநாள்தான் உறுதியானது.

அழகான டைரி வாங்கினால்தான் எழுதுவேன் என்று காத்திருக்காதீர்கள். 'நார்னியா' கதைகள் எழுதிய சி.எஸ்.லூயிஸ், 1960-ல் மனைவி ஜாய் புற்றுநோயில் இறந்ததும், வீட்டில் மிச்சம் கிடந்த காலி நோட்டுகளில்தான் தன் துக்கத்தை எழுதினார். நாலு நோட்டு. நாலாவதைத் தொடங்கும்போதே, இதோடு சரி, இதற்கென்று புது நோட்டு வாங்கப் போவதில்லை என்று முடிவு செய்துகொண்டார். துக்கத்துக்கு ஓர் எல்லை போட்ட மாதிரி! அடுத்த வருஷம் அது புத்தகமாக வந்தபோது சொந்தப் பெயரைக்கூடப் போடவில்லை, புனைபெயர்தான். கடவுள் மேல் அவ்வளவு கோபம் அதில் இருக்கிறது.

போனில் எழுதுவது சுலபம்தான், லாக் போட்டுக்கொள்ளலாம். ஆனால் நான் பேப்பர் கட்சி. போனைத் திறந்தால் யாராவது 'குட் மார்னிங்' அனுப்பியிருப்பார்கள், மனசு எங்கேயோ போய்விடும். பக்கத்து வீட்டு மாமி தினம் காலையில் ஸ்ரீராமஜெயம் எழுதுவார். ஒருநாள், "நீ என்னடி எழுதறே, தினம் வேற வேற எழுதறியே, அலுக்கலையா?" என்றார். "நீங்க ஒண்ணையே எழுதறீங்களே மாமி, உங்களுக்கு அலுக்கலையா?" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அவருக்கும் கை எழுதும்போதுதான் மனசு நிற்குமாம்.

ஒரே காயத்தை வாரக்கணக்கில் நோண்டி நோண்டி எழுதிக்கொண்டே இருக்கிறீர்கள், எழுதி முடித்ததும் வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றுகிறது என்றால், நோட்டை மூடிவிட்டு மனுஷரிடம் பேச வேண்டும். போதகரிடமோ டாக்டரிடமோ பேசலாம். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. தமிழிலேயே பேசலாம், பணம் கிடையாது. இதில் விசுவாசக் குறைவு எதுவும் இல்லை. லாக் புக்கில் எழுதினால் மட்டும் பம்ப் ஓடிவிடாது, ஃபிட்டர் வர வேண்டும்.

*

அண்ணனைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

2021 ஜூலையில் வழிபாட்டுத் தலங்களைத் திறந்தார்கள். இவர் ஜூன் 2-ஆம் தேதியே வீட்டுக்கு வந்திருந்தார். எட்டுக் கிலோ இளைத்து, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், ஆனாலும் வந்துவிட்டார். பாஸ்டர் ஐயா, "அடுத்த ஞாயிறு சாட்சி சொல்லுங்கம்மா" என்றார். ஒரு பேப்பரில் எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது. ஜெபித்தோம், கர்த்தர் கேட்டார், ஆக்சிஜன் ஏறியது, அல்லேலூயா.

எந்தத் தேதியில் ஏறியது என்று சரிபார்க்க நோட்டைத் திறந்தேன்.

'மே 26, புதன். இவருக்கு ஆக்சிஜன் பத்து லிட்டரிலிருந்து ஆறாகக் குறைத்தார்களாம். டாக்டரே பேசினார். சாயங்காலம் நாலு மணி, அண்ணன் போய்விட்டார். அக்காவுக்கு போன் போடத் தைரியம் இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே ஜெபம்தானே பண்ணினேன்?'

ஒரே பக்கம். ஒரே கையெழுத்து. நடுவில் ஒரு கோடுகூட இல்லை.

அந்தப் பேப்பரைக் கிழித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நோட்டையே எடுத்துக்கொண்டு போய், அந்தப் பக்கத்தை அப்படியே வாசித்தேன். "எனக்கு இதுக்கு மேல சொல்லத் தெரியல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. அக்கா மூன்றாவது பெஞ்சில் இருந்தார், தலையைக் குனிந்தபடி.

வெளியே செருப்பு மாட்டும் இடத்தில் பிடித்துக்கொண்டார். "எல்லார் முன்னாடியும் அவரப் பத்திப் படிக்கப் போறேன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" என்றார். கேட்கவில்லை. என் தப்புதான். உண்மையை எழுதிவிட்டோம் என்ற நினைப்பில், அது என்னுடைய உண்மை மட்டுமல்ல என்பது எனக்குத் தோன்றவே இல்லை. "மன்னிச்சுடுங்க அக்கா" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்கப் பேசவும் இல்லை.

அடுத்த வாரம் வீட்டுக்கு வந்தார். காபி குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அன்னைக்கு என்ன கிழமைன்னு போட்டிருந்தே?" என்றார்.

"புதன் அக்கா."

"எனக்கு எதுவுமே ஞாபகம் இல்லடி. அந்த வாரமே இல்ல. யார் போன் பண்ணாங்க, நான் என்ன சொன்னேன், ஒண்ணும் தெரியல. பசங்க கேக்குறாங்க. உன் நோட்டுல அவரப் பத்தி வேற எங்கனா இருக்கா?"

இருந்தது. மே 19-ல், அண்ணன் வார்டிலிருந்து இவருக்கு 'மில்லு ஓடுதா?' என்று மெசேஜ் போட்டது. மே 21-ல், அக்காவும் நானும் போனில் ஜெபம் பண்ணும்போது அவர் பேரன் நடுவில் வந்து பாட்டுப் பாடியது. மே 23, பெந்தெகொஸ்தே ஞாயிறு, சர்ச் பூட்டியிருந்தது, அண்ணன் நாலு இட்லி சாப்பிட்டார் என்று அக்கா சந்தோஷமாகச் சொன்னது. எல்லாவற்றையும் அக்கா விரல் வைத்து வைத்து வாசித்தார். இட்லி இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார்.

அந்தப் பக்கங்களை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். வேண்டாம், நோட்டையே தா என்றார். கொடுத்துவிட்டேன். பையன்தான், "அம்மா, என் அல்ஜீப்ரா!" என்றான்.

கிறிஸ்துமஸ் சமயத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, தையல் மெஷின் மேல் அந்த நோட்டு இருந்தது. நடுவில் பேனா செருகியிருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "மிச்சப் பக்கம் வீணாத்தானே கெடக்குது, நான் எழுதிட்டிருக்கேன். முடிஞ்சதும் தரேன்" என்றார்.

இன்னும் தரவில்லை. நானும் கேட்கவில்லை. இப்போது நான் எழுதுவது பையனுடைய கெமிஸ்ட்ரி நோட்டின் பின்பக்கத்தில்.